ஏழு எழுநூறு ரூபாய் நோட்டு

1980-களில் அமெரிக்காவில் ஏ அண்ட் டபிள்யூ என்கிற ஓட்டல் கம்பெனி ஒரு புது ஹாம்பர்கரைக் கொண்டுவந்தது. போட்டிக் கம்பெனி கால் பவுண்டு கறி வைத்து விற்றுக்கொண்டிருந்தது. இவர்கள் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1/3 பவுண்டு வைத்தார்கள். விலை அதே விலைதான். தின்று பார்த்தவர்கள் 'இதுதான் தேவலை' என்று வேறு சொன்னார்கள். ஆனாலும் போணியாகவில்லை. என்ன விஷயம் என்று வாடிக்கையாளர்களை உட்காரவைத்து விசாரித்ததில் குட்டு உடைந்தது. 'அங்கே 1/4 பவுண்டு தருகிறான், இங்கே 1/3-தானே தருகிறீர்கள், அதே காசை நாங்கள் ஏன் கொடுக்கவேண்டும்?' என்ற ரீதியில் கேட்டிருக்கிறார்கள். மூன்றைவிட நாலு பெரிசல்லவா! கம்பெனியின் அப்போதைய முதலாளி ஆல்ஃப்ரெட் டாப்மன் 2007-ல் எழுதிய புத்தகத்தில் இதைச் சொல்லி நொந்துபோயிருக்கிறார்.

சிரிக்காதீர்கள். 1978-ல் அதே அமெரிக்காவில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு தேசிய அளவில் ஒரு பரீட்சை வைத்தார்கள். 12/13-ஐயும் 7/8-ஐயும் கூட்டினால் தோராயமாக எவ்வளவு? கணக்குப் போடவேண்டாம், உத்தேசமாகச் சொன்னால் போதும். 1, 2, 19, 21 என்று நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். முதல் பின்னம் ஏறக்குறைய ஒன்று, இரண்டாவதும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே இரண்டு. இதைச் சொன்னவர்கள் நூற்றுக்கு 24 பேர். 19 என்றும் 21 என்றும் சொன்னவர்கள் சேர்ந்து பாதிக்கு மேல். மேலே இருப்பதை மேலே கூட்டினால் 19, கீழே இருப்பதைக் கீழே கூட்டினால் 21, வேலை முடிந்தது!

அமெரிக்கா கிடக்கட்டும். நம்ம மொட்டை மாடிக்கு வாருங்கள்.

நான் பி.காம். படித்தவன். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைப்பவன் என்று கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கொள்ளலாமே தவிர, மளிகைக் கடைக்காரர் அதை ஒரு தொழிலாக ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏழரை வரை தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேருக்குக் கணக்கு ட்யூஷன். இந்த வருஷம் அதில் நாலு பேர் எட்டாம் வகுப்பு.

எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமே 'எண்கள்'. பிள்ளைகளுக்கு ஒரு மாடிப்படி தயாராக இருக்கிறது. 1, 2, 3 என்று போவது இயல் எண்கள். கூடவே பூஜ்யத்தைச் சேர்த்துக்கொண்டால் முழு எண்கள். மைனஸ் சமாசாரங்களும் வந்து ஒட்டிக்கொண்டால் முழுக்கள். (முழு எண்கள் வேறு, முழுக்கள் வேறு. இந்தப் பெயரை வைத்த புண்ணியவானை ஒருநாள் மொட்டை மாடிக்கு அழைத்து, நாலு பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, வித்தியாசத்தை விளக்கச் சொல்லவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.) அதற்கு மேல் மாடியில் விகிதமுறு எண்கள். இங்கிலீஷில் ரேஷனல் நம்பர்ஸ். ரேஷனல் என்றவுடன் பகுத்தறிவு என்று நினைத்துவிடக்கூடாது, ரேஷியோ என்கிற விகிதம்தான். ஆனால் பகுத்து அறிவதும் ஒரு வகுத்தல்தானே என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

இந்தப் படிகளை மனப்பாடம் செய்துவிட்டு ஒப்பிக்கச் சொன்னால் நாலு பேருமே கடகடவென்று ஒப்பிக்கிறார்கள். ஏன் படி ஏறினோம் என்று கேட்டால் முழிக்கிறார்கள். மாடி எதற்குக் கட்டுவோம்? கீழ்வீட்டில் இடம் போதாதபோதுதான். மூன்றிலிருந்து மூன்றைக் கழித்தால் வருகிற ஆசாமிக்கு இயல் எண்களில் ரூம் கிடையாது. அதனால் பூஜ்யத்துக்கு ஒரு ரூம் எடுத்தோம். மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் வருபவருக்கு அங்கேயும் இடமில்லை. மைனஸ் எண்களுக்காக இன்னொரு மாடி. மூன்று இட்லியை ஐந்து பேருக்குச் சமமாகப் பங்கு போடு என்றால் முழுக்களில் யாருமே வாய் திறப்பதில்லை. அதற்காக எழுப்பிய மாடிதான் விகிதமுறு எண்கள். இதைச் சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடுகிறது. மீதிப் பாதி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதற்கு அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும்.

தெருமுனையில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் அம்மாவின் மகள். எட்டாவது. படிப்பது நடுநிலைப் பள்ளி, எட்டாவதோடு அங்கே முடிந்தது. ஒன்பதாவது படிக்கவேண்டுமென்றால் டி.சி. வாங்கிக்கொண்டு பஸ் ஏறி உயர்நிலைப் பள்ளிக்குப் போகவேண்டும். வருஷ ஆரம்பத்தில் வைத்த கணக்குப் பரீட்சையில் 50-க்கு 9. அந்த அம்மா ஒரு நாள் கொத்தமல்லியைக் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எட்டாவதோட போதும்னு பார்க்கறேன் தம்பி. இதுக்குக் கணக்கு மண்டையில ஏறலையாம். டீச்சரே சொல்லிட்டாங்க. வண்டியையாவது பார்த்துக்கட்டும்."

அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மகள் பக்கத்திலேயே வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாமி வந்து கத்திரிக்காய் முக்கால் கிலோ, பீன்ஸ் கால் கிலோ என்றார். கத்திரிக்காய் கிலோ 60, பீன்ஸ் 120. பையைக் கட்டுவதற்குள் "எழுபத்தஞ்சு மாமி" என்றாள். நூறு ரூபாய் நோட்டை வாங்கி, இருபத்தைந்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளுக்கு வெண்டைக்காயை உடைத்துக் காட்டப் போய்விட்டாள்.

"கத்திரிக்கா எவ்வளவுன்னு எப்படிம்மா போட்டே?"

"அரைக் கிலோ முப்பது. அதுல பாதி பதினஞ்சு. நாப்பத்தஞ்சு." இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல ஒரு பார்வை.

முக்காலை அரையும் காலுமாக உடைத்து, இரண்டையும் தனித்தனியாக அறுபதால் பெருக்கி, பிறகு சேர்த்திருக்கிறாள். புத்தகத்தில் இதற்குப் பங்கீட்டுப் பண்பு என்று பெயர், கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். மறுநாள் மாடிக்கு வரவழைத்து, நோட்டில் 3/4 × 60 என்று எழுதிக் கொடுத்தேன். பத்து நிமிஷம் பென்சிலைக் கடித்தாள். பிறகு 180/240 என்று எழுதினாள். மேலேயும் அறுபதால் பெருக்கி, கீழேயும் அறுபதால் பெருக்கி!

இது எங்கள் தெருவின் தனிச் சிறப்பு இல்லை. பிரேசில் நாட்டில் ரெஸிஃபே என்ற ஊரில், தெருவில் இளநீரும் பழமும் விற்ற 9 வயதிலிருந்து 15 வயது வரையிலான பிள்ளைகளிடம் மூன்று ஆராய்ச்சியாளர்கள் வாடிக்கையாளர் மாதிரிப் போய்க் கணக்குக் கேட்டார்கள். நூற்றுக்கு 98 சரியான பதில். அதே பிள்ளைகளை உட்காரவைத்து, காகிதம் பென்சில் கொடுத்து, அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாக எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37 தேறியது. 1985-ல் வெளியான கட்டுரை இது. 2025-ல் 'நேச்சர்' பத்திரிகையில் நம்ம ஊர்க் கணக்கே வந்துவிட்டது. நோபல் பரிசு வாங்கிய அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் இன்னும் சிலரும் சேர்ந்து கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்த்து எழுதியது. சந்தைக் கணக்கில் புலிகள் பள்ளிக்கூடக் கணக்கில் திணறுகிறார்கள். சரி, பள்ளிக்கூடத்தில் மட்டும் படிக்கும் பிள்ளைகள்? அவர்கள் சந்தைக் கணக்கில் திணறுகிறார்கள்! ஆகமொத்தம் இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது, நடுவில் பாலம்தான் இல்லை.

பாலம் கட்ட நமக்குத் தெரிந்த ஒரே செங்கல் வணிகவியல். அந்தப் பெண்ணின் பரீட்சைப் பேப்பரில் சிவப்பு மையால் அடித்திருந்த முதல் கணக்கு 1/2 + 1/3. அவள் எழுதிய விடை 2/5. அதை நான் தப்பு என்று சொல்லவில்லை. பேங்க்கில் பணம் கட்டும் சலான் ஒன்றை எடுத்து நீட்டினேன். 500 ரூபாய் நோட்டு நாலு, 200 ரூபாய் நோட்டு மூன்று. பூர்த்தி பண்ணு என்றேன்.

"ரெண்டாயிரம், அறுநூறு. ரெண்டாயிரத்து அறுநூறு மாமா."

"இல்லையே. நோட்டு நாலும் மூணும் ஏழு. ஐந்நூறும் இருநூறும் எழுநூறு. ஏழு எழுநூறு ரூபாய் நோட்டு. நாலாயிரத்துத் தொள்ளாயிரம்!"

நாலு பிள்ளைகளும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். மளிகைக்காரர் பார்வைக்குக் கொஞ்சம்தான் குறைவு.

"எழுநூறு ரூபாய் நோட்டே கிடையாது மாமா!"

"அப்ப 2/5 மட்டும் எங்கேருந்து வந்தது?"

பேங்க் சலானில் அந்தக் கட்டத்துக்கு மேலே 'டினாமினேஷன்' என்று போட்டிருக்கும். நோட்டின் ஜாதி. பின்னத்தில் கீழே இருப்பதற்கு இங்கிலீஷில் 'டினாமினேட்டர்'. இரண்டும் ஒரே வம்சம், பெயர் வைப்பது என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. அதாவது கீழே இருப்பது அது என்ன நோட்டு என்பதன் பெயர். மேலே இருப்பது அந்த நோட்டு எத்தனை என்பது. தமிழில் மேலே தொகுதி, கீழே பகுதி. பகுதி என்ற சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எது தொகுதி, எது பகுதி என்பதே பிள்ளைகளுக்குத் தனி மனப்பாடமாகிவிடுகிறது. 'எத்தனை', 'என்ன நோட்டு' என்று சொல்லிப் பாருங்கள், மறக்காது.

இனி 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டுவது சில்லறை மாற்றுகிற வேலைதான். நாலு ஐந்நூறையும் மூன்று இருநூறையும் நூறு ரூபாய் நோட்டாக மாற்றினால் இருபதும் ஆறும், இருபத்தாறு நூறு. அதே மாதிரி அரையையும் மூன்றில் ஒன்றையும் எந்தச் சில்லறையாக மாற்றலாம்? ஆறில் ஒன்றாக. அரைக்கு மூன்று, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு. ஆக ஐந்து. 5/6. புத்தகம் இதை மீ.பொ.ம. என்று மூன்று புள்ளி வைத்து மிரட்டுகிறது. இரண்டு பேரும் ஒப்புக்கொள்ளும் சில்லறை, அவ்வளவுதான் சங்கதி.

ஒரே ஒரு ஜாக்கிரதை. ரூபாய் நோட்டில் எண் பெரிசானால் நோட்டு பெரிசு. பின்னத்தில் கீழே எண் பெரிசானால் துண்டு சின்னது. ஒரே பூசணிக்காயை மூன்று பேருக்கு வெட்டுகிறாயா, நாலு பேருக்கா? ஹாம்பர்கர்க்காரர்கள் கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான்.

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் பழைய விடையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மாமா, 2/5 அரைக்கும் கம்மி. அரையோட இன்னொண்ணைச் சேர்த்தா எப்படி அரையை விடக் குறையும்?"

இந்தக் கேள்வியைத்தான் அந்த 13 வயது அமெரிக்கர்களில் நாலில் மூன்று பேர் கேட்டுக்கொள்ளவில்லை. 50-க்கு 9 வாங்கிய பெண் கேட்டாள்.

*

நம்ம முன்னோர் இந்தச் சில்லறை விவகாரத்தைப் பெயரிலேயே முடித்துவிட்டார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் எண்சுவடி படித்த காலத்தில் கால், அரை, முக்காலோடு வாத்தியார் நிறுத்தவில்லை. அரைக்கால் 1/8. மா என்றால் 1/20. காணி 1/80. முந்திரி 1/320. ("முந்திரின்னா பாயசத்துல போடறதா மாமா?") பதினாறில் ஒரு பங்குக்கு மாகாணி என்று பெயர். எங்கள் பாட்டி வீசம் என்பாள். மாகாணி என்ற வார்த்தையைப் பிரித்துப் பாருங்கள். மா, காணி. 1/20-ஐயும் 1/80-ஐயும் கூட்டுங்கள். 4/80 கூட்டல் 1/80, 5/80, அதாவது 1/16. பெயருக்குள்ளேயே ஒரு கூட்டல் கணக்கை ஒளித்து வைத்திருக்கிறார்கள்! நான் இதைக் கரும்பலகையில் போட்டபோது பையன்களில் ஒருத்தன் கைதட்டினான். எனக்காக இல்லை, மாகாணிக்காக.

எல்லாவற்றையும் முந்திரியாக மாற்றிப் பார்த்தோம். காணிக்கு நாலு முந்திரி, மாவுக்குப் பதினாறு, மாகாணிக்கு இருபது, அரைக்காலுக்கு நாற்பது, காலுக்கு எண்பது, அரைக்கு நூற்றி அறுபது. ஒரு பின்னம்கூடத் தகராறு பண்ணவில்லை. "அப்ப மூணுல ஒண்ணுக்கு எத்தனை முந்திரி?" என்று கேட்டேன். போட்டுப் பார்த்தார்கள். நூற்றி ஆறு, நூற்றி ஆறு, நூற்றி ஆறு, மீதி இரண்டு. வரவில்லை. வராது. 320-ஐ உடைத்தால் ஆறு இரண்டும் ஓர் ஐந்தும்தான் இருக்கும், மூன்று கிடையாது. நம்ம 10-லும் இரண்டும் ஐந்தும்தான். அதனால்தான் 1/320-ஐத் தசமத்தில் எழுதினால் 0.003125 என்று மரியாதையாக முடிந்துவிடுகிறது. 1/3-ஐ எழுதினால் 0.333 என்று ஊர் எல்லை தாண்டியும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பழைய ரூபாய்க்கு இந்தக் கஷ்டம் இல்லை. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, மொத்தம் 192. மூன்று பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு ஐந்தணா நாலு தம்பிடி, சுத்தமாக. 1957 ஏப்ரல் 1-ந் தேதி நயா பைசா வந்து ரூபாய்க்கு 100 என்று ஆனதிலிருந்து மூன்று பேருக்கு நடுவில் எப்போதும் ஒரு பைசா இடறிக்கொண்டே இருக்கிறது. (அணாவே மேல் என்று நான் சொல்லவரவில்லை. ஐந்து பேருக்கு அந்த 192-ஐப் பங்கு போட்டுப் பாருங்கள்.)

மைனஸ் எண்களுக்கு நான் மெனக்கெடவே இல்லை. தள்ளுவண்டியில் ஒரு பாக்கி நோட்டு தொங்குகிறதே! கி.பி. 628-ல் பிரம்மகுப்தரும் இதைத்தான் செய்தார். கூட்டல் எண்ணைத் தனம் என்றும் கழித்தல் எண்ணை ருணம், அதாவது கடன் என்றும் சொல்லி விதிகளை எழுதினார். பி.காம். பட்டம் இல்லாமலே. முக்கால் கிலோ பாக்கி வைத்தவர் அரைக் கிலோவைத் திருப்பிக் கொடுத்தால் கால் கிலோ பாக்கி. -3/4 + 1/2 = -1/4. மூன்று பேரிடம் பட்ட நாற்பது நாற்பது ரூபாய்க் கடனை அவர்களே தள்ளுபடி செய்துவிட்டால் நமக்கு 120 ரூபாய் லாபம். மைனஸும் மைனஸும் பெருக்கினால் ப்ளஸ் என்பதற்கு இதைவிடச் சந்தோஷமான உதாரணம் என்னிடம் இல்லை.

வகுத்தலுக்குப் புத்தகம் சொல்லும் வழி, தலைகீழாகத் திருப்பிப் பெருக்கு. ஏன் திருப்பவேண்டும்? மூன்று கிலோ இஞ்சியைக் கால் கிலோப் பொட்டலமாகக் கட்டினால் பன்னிரண்டு பொட்டலம். 3 ÷ 1/4 என்று கேட்டது அதைத்தான், ஒரு கிலோவுக்கு நாலு பொட்டலம் என்பதால் நாலால் பெருக்கினோம். கீழே பூஜ்யம் மட்டும் வரக்கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கிறதே, அது ஏன் என்று ஒரு பையன் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் சொல்லிவிட்டாள்: "ஒண்ணுமே போடாத பொட்டலமாக் கட்டிக்கிட்டே இருந்தா மூணு கிலோ எப்படா தீரும்?"

ஒரே ஒரு நாள்தான் நாலு பேரும் சேர்ந்து என்னோடு சண்டைக்கு வந்தார்கள். ஒன்றுக்கு அடுத்த எண் எது? இரண்டு. அரைக்கு அடுத்த எண் எது? முக்கால் என்றான் ஒருத்தன். இரண்டுக்கும் நடுவில் 5/8 இருக்கிறது என்றேன். அப்ப 5/8. அரைக்கும் 5/8-க்கும் நடுவில் 9/16. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நடுவில் ஒருத்தர் வந்து நிற்கிறார். 17/32 வரை போய்விட்டு, "இது எப்ப மாமா முடியும்?" என்றார்கள். முடியாது. அடுத்த எண் என்று ஒன்று இந்த மாடியில் கிடையாது. "அடுத்தது இல்லைன்னா எப்படி எண்ணுறது?" என்று கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார்கள். ஏழரை மணியும் ஆகிவிட்டது.

காலாண்டுப் பரீட்சையில் அந்தப் பெண் 100-க்கு 58. முதல் ராங்க் கதையெல்லாம் இல்லை. இரண்டு கணக்கில் விடை சரி, 'வழிமுறை எங்கே?' என்று சிவப்பு மையால் எழுதி மார்க்கைக் குறைத்திருந்தார்கள். மனசுக்குள் போட்டு விடையை மட்டும் எழுதியிருக்கிறாள். வழியை எழுதப் பழக்குவது இப்போது என் வேலை. வண்டியில் யாரும் அவளிடம் வழிமுறை கேட்டதில்லை பாருங்கள்.

போன வாரம் தக்காளி வாங்கப் போனேன். அந்த அம்மா எடை போட்டுவிட்டு, நான் கேட்காமலே இரண்டு தக்காளியைக் கூட வைத்தார். ஒன்பதாவதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. சில்லறையைக் கையில் கொடுக்கும்போது கேட்டார்:

"அந்தப் பெரிய ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறணுமாமே தம்பி... பாஸுக்கு போட்டோ எத்தனை கேப்பாங்க?"